சுரங்கமும் குடியானவன் கிணறும்

கிணற்றுப் பாசனத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் கிணறு வெட்டுதல், ஊற்றுக்கண் திறத்தல், இறைக்கும் கருவிகளைத் தெரிந்தெடுத்தல், நீரைச் சிக்கனமாய்ப் பாய்ச்சுதல் ஆகிய விஷயங்களையே விரித்துரைப்பது வழக்கம். இவையெல்லாம் குடியானவன் தானே செய்துகொள்ளக் கூடியவை. ஆனால், தகப்பன் பாட்டன் காலமாய் நீர் தந்துவந்த கிணறொன்று, அதற்குடையவன் யாதொரு பிழையும் செய்யாதிருக்க, அண்டையில் பிறர் தோண்டிய பெரும்பள்ளத்தினால் வற்றிப்போகுமாயின் அதற்கு உத்தரவாதி யார், அந்நீரைத் திருப்பித் தரவேண்டியவர் யார் என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அதனையே இங்கு எடுத்துக்கொள்ளுகிறோம்.

எமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூமியிலிருந்து கல்லோ கரியோ எடுப்பவர், அவ்வேலையினால் சுற்றுப்புறத்துக் கிணறுகள் குன்றுமாயின், ஒரு தொகையைக் கொடுத்து விலகிக்கொள்ளலாகாது. குன்றிய நீருக்கு ஈடாக நீரையே தரவேண்டும். கிணறு குன்றியது தம்மால் அன்று என மெய்ப்பிக்கும் பாரமும் அவரையே சார்ந்திருக்க வேண்டும். பள்ளம் தோண்டுமுன் கிணறுகளின் அளவு எழுதிவைக்கப்படாத இடத்தில் இவ்விரண்டும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதையும் கூடவே சொல்லவேண்டியிருக்கிறது.

வானம் பார்த்த பூமியுள்ள ஓர் ஊரை யாம் நன்கறிவோம். பெயர் சொல்ல வேண்டுவதில்லை; அத்தகைய ஊர்கள் பல. அவ்வூருக்கு மேற்கே ஒரு கரடு இருந்தது. ஆதியில் அதன் மேற்புறத்துக் கல்லை உளியாலும் சம்மட்டியாலும் உடைத்து எடுத்தனர். கிணறுகளுக்கு ஒரு கெடுதியும் நேரவில்லை. பின்னர் கம்ப்ரஸர் வந்தது, வெடி வந்தது. கரடு தரைமட்டமாகி, தரைக்குக் கீழே பள்ளமாயிற்று. அப்பள்ளம் சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாண்டிய வருஷத்தில் அதன் பக்கங்களில் நீர் கசியத் தொடங்கிற்று. அதனை இரவும் பகலும் எஞ்சின் வைத்து இறைத்து ஓடையில் விட்டனர். அடுத்த கோடையில் அருகிலிருந்த கிணறுகள் மூன்று வற்றின. உடையவர்கள் முறையிட்டபோது கல்குவாரிக் குத்தகைதாரர் சொன்ன பதில், "மழை பெய்யவில்லை, நான் என்ன செய்வேன்?" என்பதே. அவ்வருஷம் மழை குறைந்திருந்ததும் உண்மைதான். விசாரிக்க வந்த அதிகாரி, "முன்பு எத்தனை அடி நீர் நின்றது? அதற்கு அத்தாட்சி உண்டா?" என்று வினவினார். முதியவர் ஒருவர் கிணற்றின் உட்புறத்துப் படியொன்றைக் காட்டி, "பங்குனியிலும் இந்தப் படி நனைஞ்சிருக்கும் ஐயா" என்றார். அதிகாரி கெட்டவர் அல்லர்; ஆயினும், படி நனைந்திருந்ததை அவர் எந்தக் காகிதத்தில் எழுதுவார்? விஷயம் அத்தோடு நின்றது. மூவரில் இருவர் தம் நிலத்தை அக்குத்தகைதாரருக்கே விற்றுவிட்டனர்.

இதில் நீரின் போக்கைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் அவசியம். அம்பாரமாய்க் குவித்த நெல்லின் நடுவே மரக்காலை அமிழ்த்தி அள்ளினால், அள்ளிய இடம் மாத்திரம் குழியாவதில்லை. சுற்றிலுமுள்ள நெல் சரிந்து, புனலின் வாய் போல அகன்ற பள்ளம் உண்டாகிறது. பூமிக்குள்ளிருக்கும் நீரும் அவ்வாறே. ஓரிடத்தில் ஆழத்திலிருந்து இடைவிடாமல் இறைத்தால், அவ்விடத்தை நடுவாகக் கொண்டு நீர்மட்டம் நாலாபுறமும் தாழ்ந்துகொண்டே போகும். மணற்பாங்கான பூமியில் இத்தாழ்வு ஒரே சீராய்ப் பரவுவதால் அதனைக் கணக்கிடுதல் கூடும். நம் மேட்டு ஜில்லாக்களிற் போலக் கடினப் பாறையான பூமியிலோ நீர் பாறையின் வெடிப்புகளிலும் இடுக்குகளிலுமே தங்கியிருக்கிறது. எந்த வெடிப்பு எங்கே செல்லுமென்று மேலிருந்து காண்பார் எவர்? ஆகையால் பள்ளத்துக்கு நூறு கெஜத்திலுள்ள கிணறு தப்பிவிடுவதும், அரை மைலிலுள்ள கிணறு வற்றுவதும் உண்டு. தப்பிய அந்த ஒரு கிணற்றைக் காட்டியே மற்றக் கிணற்றுக்காரர்களின் வாயை அடைத்துவிடுவதை யாம் பார்த்திருக்கிறோம்.

கல் வெட்டுமிடங்கள் சிறியவை. பெரிய அளவில் இவ்விஷயத்தைக் காணவேண்டுமாயின், பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், இப்போதைய கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியை நோக்க வேண்டும். அங்குள்ள பழுப்பு நிலக்கரியின் சரித்திரமே நீரோடு தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று மேல்வந்தமையே அக்கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியதெனச் சொல்லுவர். 1956ஆம் ஆண்டில் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படுகை வெளிப்பட்டது.

அவ்விடத்து பூமியின் அமைப்பு விசேஷமானது. மேலே 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரையில் மண்ணும் மணற்பாறையும், அதன்கீழ் கரிப்படுகை, கரிக்குக் கீழே அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கும் நீர்ப்படுகை. இந்நீர் கரிப்படுகையை மேல்நோக்கி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையில் உந்துகிறது; அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்க்கம்பத்தின் பாரத்துக்குச் சமமான அழுத்தம். மேலேயுள்ள மண்ணை அகற்றிவிட்டால், அடியிலுள்ள நீர் கரியைப் பிளந்துகொண்டு பொங்கி, சுரங்கத்தையே முழுக்கிவிடும். ஆகவே, சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கி, ஆண்டு முழுவதும், இரவு பகல் என்று பாராமல், அந்நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டேயிருக்கிறார்கள். இறைப்பை நிறுத்தினால் சுரங்கம் இல்லை. இது எவருடைய அஜாக்கிரதையாலும் நேர்ந்ததன்று, அத்தொழிலின் இயல்பு. இயல்பாகவே உண்டாகும் விளைவென்றால் அதற்கான செலவும் அத்தொழிலின் இயல்பான செலவே அன்றோ? யந்திரத்துக்கும் கூலிக்கும் போல, தாழ்ந்த கிணற்றுக்கும் கரியின் விலையிலேயே கணக்கு எழுதப்பட வேண்டும் என்பது எமது வாதம். இல்லையேல் மின்சாரத்தின் விலையில் ஒரு பங்கை, விளக்கெரிப்பவர் அல்லாத குடியானவன் தன் கிணற்றைக் கொண்டு செலுத்துகிறான் என்றே பொருள்படும்.

நெய்வேலியில் இறைத்த நீர் முழுவதும் வீணாகிறதென்று சொல்லுவது நியாயமாகாது. அனல்மின் நிலையங்களுக்கு அது உதவுகிறது. ஒரு பகுதி பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் சென்று வயல்களுக்குப் பாய்கிறது. அந்நீரால் பயனடைந்த ரயத்துகள் அதனை மறுக்கமாட்டார்கள். ஆனால், வாய்க்கால் நீர் பள்ளம் நோக்கியே ஓடும். பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும் வைத்துக் கிணற்றை நம்பி வாழ்பவனுடைய கொல்லைக்கு அது ஏறுவதெங்ஙனம்? இழந்தவன் ஒருவனும் பெற்றவன் மற்றொருவனுமாயிருப்பின் அதனை ஈடு என்று சொல்லுதல் பொருந்தாது. அன்றியும், சுரங்கம் ஓய்ந்த நாளில் அவ்வாய்க்காலும் ஓயும்.

கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்கும் தெரியாத சேதத்துக்கும் உள்ள தாரதம்மியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வளையமாதேவி என்னும் கிராமத்தில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, விளைந்துவரும் நெற்பயிரின் நடுவே மண்வெட்டும் யந்திரங்களை ஓட்டினர். நிலம் முன்னமே கையகப்படுத்தப்பட்டது என்று நிலக்கரிக் கம்பெனியார் கூறினர். ஆயினும், பச்சைப் பயிர் புரளும் காட்சி நாடெங்கும் பரவி, சென்னை ஹைகோர்ட்டின் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. கிணற்றில் நீர் வருஷத்துக்கு இரண்டு அடி தாழ்வதை எவரும் படம் பிடிப்பதில்லை. பத்து வருஷத்தில் அதுவும் ஒரு பயிரை அழித்துவிடுகிறது, ஓசையின்றி.

இனி, இவ்விஷயத்தில் சட்டம் எவ்வாறிருக்கிறதென்று பார்ப்போம். இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்தில் பஞ்சாலைக்காரர் ஒருவரின் கிணறு, அண்டையில் வெட்டிய நிலக்கரிக் குழிகளால் வற்றிற்று. அவ்வழக்கில், ஆக்டன் - பிளண்டெல் வழக்கென்று பெயர் பெற்றது அது, 1843ஆம் ஆண்டில் நியாயாதிபதிகள் செய்த தீர்ப்பு என்னவெனில், பூமிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து செல்லும் நீரில் எவருக்கும் பாத்தியதை இல்லை. தன் நிலத்தில் குழி வெட்டுபவன் அண்டை வீட்டான் கிணறு வற்றியதற்கு உத்தரவாதியல்லன் என்பதே. இதே லங்காஷயரில் எழுந்த மற்றொரு வழக்கில், ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கம் உடைத்துக்கொண்டு அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்துள் பாய்ந்துவிட்டது. ஆலைக்காரர் தம்மளவில் கவனக்குறைவு காட்டாதவராயிருந்தும் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று 1868ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கிணற்றுநீர் சுரங்கக்காரனால் போனால் குற்றமில்லை. சுரங்கத்துள் நீர் போனால் குற்றம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் குடியானவன் என்ன நினைப்பானென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 1843ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்தே 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் ஏழாவது பிரிவில் உதாரணமாக இடம்பெற்றது. திட்டமான வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவும் கழித்துவிடவும் நிலச்சொந்தக்காரன் ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு என்கிறது அது. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஆதியிலேயே அமலுக்கு வந்தது. கபிலை கட்டி இரண்டு மாடுகளால் இறைத்த காலத்தில் இவ்விதியால் பெருங்கெடுதி நேரவில்லை. மாடு களைத்ததும் இறைப்பு நின்றுவிடும். இயற்கையே ஓர் எல்லையை வகுத்திருந்தது. களைப்பறியாத பம்புகளுக்கும் அதே விதி பொருந்துமென்பது விபரீதம். தமிழ்நாட்டுச் சட்டசபை 2003ஆம் ஆண்டில் நிலத்தடி நீருக்கென்று தனிச்சட்டம் ஒன்று இயற்றி, 2013இல் அதனை நீக்கிவிட்டது.

நீர் கெட்டுப்போன விஷயத்தில் நம் நியாயஸ்தலங்கள் நெடுந்தூரம் முன்னேறியிருக்கின்றன. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கிய வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டுமென்னும் கொள்கையை 1996ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தி, நஷ்டத்தைக் கணக்கிட்டு வசூலிக்க ஓர் அதிகார ஸ்தாபனத்தை ஏற்படுத்துமாறு உத்தரவிட்டது. நீரைக் கெடுத்தவன் பொறுப்பாளியென்றால், நீரை இல்லாமற் செய்தவன் எப்படித் தப்பலாம்? கெட்ட நீராவது கிணற்றில் நிற்கிறது.

இவ்விஷயத்தில் அமெரிக்கர்கள் செய்திருக்கும் ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. நிலத்தின் மேற்பரப்பை வெட்டி நிலக்கரி எடுக்கும் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தி, 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் தேதி பிரஸிடெண்ட் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தில் 717ஆம் பிரிவு ஒன்றுண்டு. வீட்டு உபயோகத்துக்கோ, விவசாயத்துக்கோ, கைத்தொழிலுக்கோ ஒருவர் பெற்றுவந்த நீர், திறந்தவெளிச் சுரங்க வேலையின் நேர்விளைவாகக் கெட்டாலும் குறைந்தாலும் தடைப்பட்டாலும், சுரங்கம் நடத்துபவர் அந்நீருக்குப் பதிலாக வேறு நீர் அளித்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். சுரங்கம் தொடங்க அனுமதி கேட்கும்போதே, அதனால் நீர்நிலைகளுக்கு நேரக்கூடிய விளைவுகளைக் கணித்து எழுதிக் கொடுக்க வேண்டும், ஈட்டுப்பத்திரமும் கட்டவேண்டும். பதில் நீர் என்பதற்குப் பின்னர் விதிகளில் கூறியிருக்கும் விளக்கம் மேலும் நன்று. நீர் கொடுத்தால் மட்டும் போதாது. முன்பிருந்ததைக் காட்டிலும் புதிய ஏற்பாட்டை நடத்தவும் பழுதுபார்க்கவும் அதிகமாகும் செலவையும் சுரங்கக்காரரே ஏற்க வேண்டும்.

பென்ஸில்வேனியா ராஜ்யத்தார் 1994ஆம் ஆண்டில், பூமிக்குள்ளே குடைந்து கரி எடுக்கும் சுரங்கங்களைக் குறித்து இன்னும் ஒருபடி மேலே சென்றனர். சுரங்கத்தின் விளிம்பிலிருந்து 35 டிகிரி சாய்வில் மேல்நோக்கிக் கோடு கிழித்தால் தரையில் எவ்வளவு இடம் அடங்குமோ, அவ்விடத்துக்குள் ஒரு கிணறு கெட்டால் அது சுரங்கத்தினாலேயே கெட்டதாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது சுரங்கக்காரரின் கடமை. அங்கே வேறு நீருக்கு வழியில்லாதவருக்கு, முறையீடு வந்த 24 மணி நேரத்துக்குள் தற்காலிக நீர் அளிக்கவும் வேண்டும். ஒரு நுட்பமும் அதிலுண்டு. வேலை தொடங்குமுன் கிணற்றை அளந்து பரிசோதிக்கச் சுரங்கக்காரர் வரும்போது நிலச்சொந்தக்காரர் இடங்கொடாமல் மறுத்தால், இந்த அனுமானத்தின் ஆதரவு அவருக்குக் கிடையாது. எனவே, அளந்து வைப்பதில் இருதிறத்தாருக்கும் அக்கறை பிறக்கிறது. எம் ஊர்ப் பெரியவரின் நனைந்த படிக்கு இத்தகைய சட்டத்தின் கீழ் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

அங்கும் வழக்கும் தாமதமும் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு முழுமைக்குமாகக் குடைவுச் சுரங்கங்களுக்கு இவ்விதியை நீட்டியபோது, குடிநீரையும் வீட்டு உபயோக நீரையும் மட்டுமே காத்து, பாசன நீரை விட்டுவிட்டனர். இக்குறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியும் அடிநீரும் கலந்துள்ள பிரதேசமொன்று ஜெர்மனியில் ரைன் நதிக்கு மேற்கே இருக்கிறது. அங்குள்ள கார்ஸ்வைலர் சுரங்கத்தில் இறைக்கும் நீரில் ஒரு பகுதியைச் சுத்தி செய்து, குழாய்களின் வழியே கொண்டுபோய், ஷ்வால்ம், நெட்டெ ஆறுகளின் சதுப்பு நிலங்கள் வற்றாதபடி பூமிக்குள்ளேயே மீண்டும் புகட்டுகிறார்கள். சுரங்கம் மூடியபின் ரைன் நதியின் நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பவும், நிலத்தடி நீரைத் தேற்றவும் பல பத்தாண்டுகளுக்கான திட்டம் வகுத்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்துச் செடிகொடிகளுக்குச் செய்யக்கூடியதை நெல்லுக்கும் கரும்புக்கும் செய்தலாகாதென்று எவரும் சொல்லமாட்டார்.

நீருக்குப் பதில் பணம் கொடுத்தால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுகிறோம். நெற்பயிருக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஓர் ஏக்கருக்கு இது சுமார் 4,850 கன மீட்டராகும். 10,000 லிட்டர் கொள்ளும் லாரியில் கொண்டுவந்தால், ஓர் ஏக்கர் ஒரு போகத்துக்கு 485 லாரிகள்! கிணறு வற்றிய ஊருக்கு நாளொன்றுக்கு ஒரு லாரி குடிநீர் அனுப்பிவிட்டு, நீர் வழங்கப்பட்டதென்று அறிக்கை எழுதுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். வீட்டுப்பானை நிறையும், வயலுக்கு ஒரு நாற்றங்காலும் நனையாது. கையில் பணமாய்க் கொடுத்த நஷ்டஈடோ ஒரு கலியாணத்திலோ கடனிலோ கரைந்துவிடும். நிலம் தரிசாய்க் கிடக்கும். அதில் கூலிக்கு நடவு நட்டுவந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் சேராது. கிணற்றுநீரை நம்பியிருந்தவர் கிணற்றின் சொந்தக்காரர் மாத்திரம் அல்லர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கிணற்றை ஆழப்படுத்திக் கொடுத்தால் போதுமென்பதும் முழு ஈடன்று. இருமடங்கு ஆழத்திலிருந்து அதே நீரை எடுக்க இருமடங்கு சக்தி வேண்டும். நம் நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமில்லை என்பது மெய்யே. ஆனால், மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் வரையறைப்பட்டது. பழைய மோட்டாரைக் கொண்டு அந்த நேரத்துக்குள் முன்பு இரண்டு ஏக்கர் பாய்ச்சியவன், ஆழம் கூடியபின் ஓர் ஏக்கர் பாய்ச்சுவதே அரிது. புதிய மோட்டார், நீளக் குழாய், அடிக்கடி பழுது ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தாலன்றி அது ஈடாகாது. கடலோர வட்டங்களில் அபாயம் இன்னும் பெரிது. நன்னீரின் அழுத்தம் தணிந்தால் உப்புநீர் உட்புகும். அவ்வாறு உவர்ந்த கிணற்றை எவ்வளவு ஆழப்படுத்தியும் பயனில்லை.

எதிர்த்தரப்பார் சொல்லும் ஒரு வாதத்துக்கு நாம் செவிகொடுத்தே ஆகவேண்டும். நிலத்தடி நீரைக் குறைத்தவர் சுரங்கக்காரர் மட்டுமா? ஊரெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கியிருக்கின்றன. இலவச மின்சாரத்தால் தேவைக்கு மேலும் இறைப்போர் உண்டு. ஏரிகள் தூர்ந்து கிடக்கின்றன. மழையும் சில வருஷங்களில் பொய்க்கிறது. இவை யாவும் உண்மை. ரயத்துகளும் தம் பங்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், காரணங்கள் பல கலந்திருக்கின்றன என்பதாலேயே மெய்ப்பிக்கும் பாரம் பலம் குறைந்தவன்மேல் விழுதல் தகாது. பூமியின் அமைப்பை ஆராயும் நிபுணர்கள், இறைப்பின் தினக்கணக்கு, சோதனைக் கிணறுகளின் அளவுகள் யாவும் சுரங்கக்காரரின் கையில் இருக்கின்றன. குடியானவன் கையில் ஒரு கயிறும் வாளியும். யாரிடம் கணக்கு இருக்கிறதோ அவர் காட்டட்டும். மழையின் பங்கு இவ்வளவு, ஊராரின் பங்கு இவ்வளவு, எம் பங்கு இவ்வளவென்று அவர் நிரூபித்தால் தம் பங்குக்கு மட்டும் அவர் பொறுப்பாவதில் நமக்கு ஆட்சேபமில்லை.

2015ஆம் ஆண்டில் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கமுள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம நிதி என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். சுரங்கக்காரர் செலுத்தும் ராயல்டியோடு, பழைய குத்தகைகளுக்கு அதில் 100க்கு 30 வீதமும், புதியவற்றுக்கு 100க்கு 10 வீதமும் இந்நிதிக்குச் சேரவேண்டுமென்று விதித்தனர். நல்ல ஏற்பாடே. ஆயினும், அவ்வாண்டு வெளியான விதிமுறைகளில் குடிநீர் முதல் வரிசையில் இடம்பெற, பாசனம் அடுத்த வரிசைக்குத் தள்ளப்பட்டது. மேலும், அது கலெக்டரும் மற்றவர்களும் கூடிச் செலவிடும் பொதுநிதி. பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், ரஸ்தாவுக்கும் போகலாம். கிணறு வற்றிய இன்னாருக்கு இன்ன நாளைக்குள் இவ்வளவு நீர் என்று கேட்கும் உரிமையை அது எவருக்கும் தரவில்லை. கருணையினால் கிடைப்பதற்கும் பாத்தியதையினால் கிடைப்பதற்கும் உள்ள வேற்றுமையை, ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றவர்கள் அறிவர்.

சட்டம் இயற்றுவது சட்டசபையாரின் வேலை. அது வரும்போது வரட்டும். குத்தகை கொடுக்கும் பத்திரத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்க இன்றே முடியும். தரைக்குக் கீழே நீர்மட்டத்தைத் தாண்டிச் செல்லும் எந்தக் குத்தகையிலும், குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள கிணறுகள் யாவும் முன்னதாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தூரத்துக்குள் கிணறு குன்றினால் சுரங்கத்தினால் குன்றியதாகவே கொள்ளப்பட வேண்டும். பதில் நீருக்கான தொகை முன்பணமாகச் சர்க்காரிடம் கட்டப்பட்டிருக்க வேண்டும். குத்தகை தீர்ந்து சில வருஷங்கள் கழியும்வரை அம்முன்பணத்தைத் திருப்பித் தரலாகாது. கிணறு வற்றும் நாளும் குத்தகைதாரர் ஊரைவிட்டுப் போகும் நாளும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வருகின்றன.

முன்பு கர்ணம் எழுதிவந்த அடங்கலை 1980க்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் எழுதிவருகிறார். எந்தச் சர்வே நம்பருக்கு எந்தப் பாசனம் என்பது அதில் ஏற்கனவே எழுதப்படுகிறது. கிணற்றுக்கு நேரே சித்திரையிலும் மார்கழியிலும் நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு பத்தியைச் சேர்க்கப் புதிய இலாகா வேண்டாம், புதிய சம்பளமும் வேண்டாம். இதனைச் சர்க்காரார் செய்வார்களென்று நம்புகிறோம்.

அதுவரையில், சுரங்கத்துக்கோ கல்குவாரிக்கோ அருகில் நிலமுள்ள ரயத்துகளும், அவை வரப்போவதாகக் கேள்விப்பட்ட ஊரார்களும், தாங்களே அளந்து எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வர்ணத்தால் ஓர் அடையாளமிட்டு, எப்போதும் அவ்விடத்திலிருந்தே அளக்க வேண்டும். பாரமான இரும்புத் துண்டொன்றை அளவு நாடாவின் நுனியில் கட்டி இறக்கினால் போதும். அமாவாசைதோறும் அதிகாலையில், மோட்டார் ஓட்டுவதற்கு முன்னரே அளத்தல் வேண்டும். இறைத்த கிணற்றின் அளவு எதற்கும் உதவாது. முந்திய நாள் இரவு மின்சாரம் வந்து அண்டைக் கிணற்றில் இறைப்பு நடந்திருந்தால் அதனையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீர்மட்டம், தேதி, அம்மாதத்து மழை, எத்தனை மணி நேரம் இறைத்தால் கிணறு வற்றுகிறது, மீண்டும் ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது ஆகியவற்றை ஒரே நோட்டுப்புத்தகத்தில், தாள் கிழிக்காமல் எழுதிவர வேண்டும். ஆழ்குழாய்க் கிணறாயின் மோட்டார் எத்தனை அடியில் இறக்கப்பட்டிருக்கிறதென்பதையும் துளையிட்டவரின் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கைபேசியில் தேதி விழும்படி நாடாவோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் மிகவும் உதவும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தமான குப்பியில் நீர் எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைச் சோதித்து, அச்சீட்டையும் அந்நோட்டோடு தைத்துவைக்க வேண்டும். ஒருவர் மட்டும் அளந்தால் அது அவருடைய பேச்சு. ஊரில் பத்துப் பேர் ஒரே நாளில் அளந்து, ஒருவர் நோட்டில் மற்றவர் சாட்சிக் கையொப்பமிட்டால் அதைத் தள்ளிவிடுவது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.

மூன்று வருஷத்து அளவாவது கையில் இருந்தால்தான் மழைக் குறைவினால் தாழ்ந்தது எது, இறைப்பினால் தாழ்ந்தது எது என்று பிரித்துக் காட்ட இயலும். ஆகையால் பள்ளம் ஆழமாகும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற அமாவாசையன்றே முதல் அளவை எழுதிவிடலாம்.